ஆமா என்று சொல்லச் சொன்னேன்

போன வாரம் செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் என் சித்தி மகன் போன் பண்ணினான். படிப்பு முடித்து ஒரு தனியார் வங்கியில் சேல்ஸ் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. சாப்பிட்டீங்களா, பிள்ளைங்க தூங்கிட்டாங்களா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அக்கா, லோன் கேட்டு வர்றவங்ககிட்ட இன்சூரன்ஸையும் சேத்துப் போடச் சொல்றாங்க. இது எடுத்தாத்தான் லோன் சாங்ஷன் ஆகும்னு சொல்லிடுன்னு மேனேஜர் சொல்றார். உண்மையில அப்படி ஒரு கட்டாயமே இல்ல. ஆனா கிளையில எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

எனக்கு உடனே வாய் வரவில்லை. அவன் உட்கார்ந்திருக்கும் மாதிரி ஒரு நாற்காலியில் நானும் நாலு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை, இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. அதை எழுதிவிடுகிறேன்.

2011-இல் மதுரையில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் எதிரில் ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டியிருப்பார்கள், நேர்மை, வெளிப்படைத்தன்மை, வாடிக்கையாளர் நலன் என்று அழகான எழுத்தில். மேனேஜர் அறைக்குள் ஒரு வெள்ளைப் பலகை. அதில் எங்கள் ஐந்து பேர் பெயரும், பக்கத்தில் காசா எத்தனை (சேமிப்புக் கணக்கும் நடப்புக் கணக்கும் சேர்த்து அப்படிச் சொல்வோம்), லோன் எத்தனை, இன்சூரன்ஸ் லாகின் (போட்ட பாலிசி விண்ணப்பங்களை அப்படிச் சொல்வோம்) எத்தனை என்று தினமும் அழித்து அழித்து எழுதுவார்கள். காலை ஒன்பதரைக்கு ஹடில் என்று ஒரு சின்னக் கூட்டம், மத்தியானம் பல கிளைகளுக்கு மேலே இருக்கும் கிளஸ்டர் ஹெட்டிடமிருந்து கான்-கால் என்று ஒரு கூட்டுத் தொலைபேசி அழைப்பு, சாயங்காலம் மறுபடியும் ஒன்று. நாலு வருடத்தில் ஒரு நாள்கூட ஒரு மேலதிகாரி அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் காட்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

2012 மார்ச். வருடக் கடைசி, எனக்கு இரண்டு லாகின் குறைகிறது. போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மஞ்சப்பையில் பாஸ்புக்கும் செக்கும் வைத்துக்கொண்டு வந்தார். ஆறு லட்சம். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்ததற்குக் கிடைத்த பணத்தில் மகள் கல்யாணக் கடனை அடைத்தது போக மிச்சம். "பாப்பா, இதை ஃபிக்ஸட்ல போட்டுக் குடு. மாசா மாசம் வட்டி வந்தாப் போதும்" என்றார்.

ஐந்து லட்சத்தை டெபாசிட்டில் போட்டேன். ஒரு லட்சத்தைப் பாலிசியில் போட வைத்தேன். "இதுவும் டெபாசிட் மாதிரிதான் ஐயா, கூடவே உயிர்க் காப்பீடும் இருக்கு" என்றேன். பத்து வருடம் வருடத்துக்கு ஒரு லட்சம் கட்ட வேண்டும் என்பதை நான் மறைக்கவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஏனென்றால் "அடுத்தடுத்த வருஷம் வட்டியிலிருந்தே கட்டிக்கலாம்" என்று வேகமாக ஒரு வரி சொல்லியிருந்தேன். ஐந்து லட்சத்துக்கு அன்றைய வட்டியில் வருடத்துக்கு 45,000 ரூபாய்தான் வரும், அதுவும் அவர் சாப்பாட்டுச் செலவுக்கு. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் சொன்னேன். கடைசியாக ஒன்று சொன்னேன், அதுதான் இன்றைக்கும் என்னை விடாமல் இருக்கிறது: "நாளைக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு போன் வரும் ஐயா. எது கேட்டாலும் ஆமா ஆமான்னு சொல்லிடுங்க. இல்லேன்னா ஃபைல் நின்னு போகும்."

அவர் சரி பாப்பா என்று தலையாட்டினார். போகும்போது எனக்கு ஒரு கமர்கட் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த "ஆமா சொல்லிடுங்க"வை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பயிற்சியில் நேர்மாறாகத்தான் சொன்னார்கள், வாடிக்கையாளருக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டும், கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு முழு நாள் வகுப்பு, முடிவில் பரீட்சை, நான் 90-க்கு மேல் மார்க் வாங்கினேன். கிளைக்கு வந்த முதல் வாரம் பக்கத்து சீட்டில் இருந்த அக்கா என்மேல் பிரியத்தோடுதான் இதைச் சொல்லிக் கொடுத்தாள். "அந்த போன் காலைப் பத்திச் சொல்லி வைக்காம விட்டுடாதடி, ரிஜெக்ட் ஆயிடும், அப்புறம் நீதான் திட்டு வாங்குவ." ஒரு நிறுவனத்தின் உண்மையான விதிமுறைகள் இப்படித்தான், டீ குடிக்கும் நேரத்தில், நம்மை விரும்புகிறவர்கள் வாயிலிருந்து நமக்கு வந்து சேருகின்றன.

நாங்கள் யாரும் மோசமானவர்கள் இல்லை. இதை என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. எங்கள் கிளையில் ஒரு பையன் இருந்தான். ஒருநாள் பூக்கார அம்மா ஒருவர் கட்டிய பணத்தில் 500 ரூபாய் தவறுதலாக அதிகம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவன் வெயிலில் மார்க்கெட் வரை ஓடிப்போய்த் தேடிக் கொடுத்துவிட்டு வந்தான். அதே பையன் அன்று மதியம் ஒரு பாலிசி படிவத்தில் ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு பொய் எண்ணை எழுதினான். ரொம்ப நாள் எனக்கு இது புரியவே இல்லை. ஒரே ஆள், ஒரே நாள், எப்படி இரண்டும்?

பிறகுதான் பிடிபட்டது. பணம் தினமும் சாயங்காலம் டேலி ஆக வேண்டும். கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தாலும் ஷட்டரை இறக்கி உட்கார்ந்து எண்ணுவோம், டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அதனால் பண விஷயத்தில் எங்கள் எல்லோருக்கும் நேர்மை ரத்தத்தில் ஊறியிருந்தது. பாலிசியை வாங்கியவருக்கு அது புரிந்ததா, தேவைதானா, அடுத்த வருடம் கட்ட முடியுமா என்பதை யாரும் எந்தச் சாயங்காலமும் டேலி பார்க்கவில்லை. பலகையில் எண் ஏறியதா என்பது மட்டும்தான். எது சரிபார்க்கப்பட்டதோ அதில் நேர்மையாக இருந்தோம், சரிபார்க்கப்படாத இடத்தில் எங்களை அறியாமலே வேறு ஆட்களாக இருந்தோம்.

எங்களுக்கு முந்தைய செட் சீனியர்கள் சொல்லும் இன்னொரு கதையும் இதையேதான் சொல்கிறது. 2009 ஜூலை வரை மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டால் 2.25 சதவீதம் வரை நுழைவுக் கட்டணம் பிடிப்பார்கள், அதிலிருந்துதான் விற்றவருக்கு கமிஷன். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அதை நிறுத்தியது. அதுவரை ஃபண்ட்தான் உலகத்திலேயே சிறந்தது என்று பேசிக்கொண்டிருந்த அதே வாய்கள் யூலிப் (காப்பீட்டோடு சந்தை முதலீட்டையும் சேர்த்த பாலிசி) என்று பேச ஆரம்பித்தன, அதில் கமிஷன் இன்னும் அப்படியே இருந்தது. 2010 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் யூலிப் கட்டணங்களுக்கு உச்சவரம்பு போட்டது, பணத்தை எடுக்க முடியாத லாக்-இன் காலத்தையும் 3 வருடத்திலிருந்து 5 வருடமாக்கியது. சரி, அடுத்தது என்ன? காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த பழைய எண்டோமென்ட் மாதிரித் திட்டங்கள். நான் சேர்ந்தபோது அதுதான் "கஸ்டமருக்கு நல்லது". ஓட்டுநர் ஐயாவுக்கு நான் விற்றதும் அதுதான். இரண்டு வருடத்துக்குள் மூன்று பொருள் மாறியிருக்கிறது, வாடிக்கையாளரின் தேவை ஒரு இம்மிகூட மாறவில்லை. மாறியது கமிஷன் இருக்கும் இடம்.

வேலையை விட்ட பிறகு, 2016-இல், அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி விவகாரம் வெடித்தபோது வேறு எந்தச் செய்தியையும் படிக்காமல் அதையே படித்துக்கொண்டிருந்தேன். யாரோ எங்கள் கிளையைப் பற்றி எழுதியது போல இருந்தது. ஒரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கு எட்டுப் பொருள் விற்க வேண்டும் என்பது அங்கே இலக்கு. ஏன் எட்டு? எயிட் என்ற சொல் கிரேட் என்ற சொல்லோடு எதுகை சேருகிறது என்று தலைமை அதிகாரி ஜான் ஸ்டம்ப் பங்குதாரர்களுக்கு எழுதிய ஆண்டறிக்கைக் கடிதத்திலேயே சொல்லியிருக்கிறார். ஒரு குடும்பத்துக்கு எத்தனை வங்கிக் கணக்கு உண்மையில் வேண்டும் என்று யோசித்து வந்த எண் இல்லை அது. லாஸ் ஏஞ்சலஸ் நகர வழக்கறிஞர் 2015-இல் போட்ட வழக்கில், ஒவ்வொரு கிளையின் விற்பனையையும் ஒரு நாளில் நாலு முறை, காலை 11, மதியம் 1, 3, 5 மணிக்கு மேலிடம் கேட்டது என்று இருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த மணி நேரங்களை நான் அறிவேன்.

எண் வராதபோது ஊழியர்கள் என்ன செய்தார்கள்? வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்கு திறந்தார்கள், கார்டு போட்டார்கள், பொய்யான மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள். முதலில் சுமார் 20 லட்சம் கணக்குகள் என்றார்கள், அடுத்த வருடம் அந்த எண்ணிக்கை 35 லட்சம் ஆனது. 2016 செப்டம்பரில் 185 மில்லியன் டாலர் அபராதம். ஐந்து வருடத்தில் சுமார் 5,300 பேரை வேலையை விட்டு நீக்கியிருந்தது வங்கி, தவறு செய்தவர்களை நீக்கிவிட்டோம் என்பதுதான் அவர்கள் முதலில் சொன்ன பதிலும்.

5,300 பேர். இதில் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு கூடையில் ரெண்டு பழம் அழுகினால் பழத்தைத் தூக்கிப் போடலாம். ஒவ்வொரு வருடமும் ஆயிரம் பேரை ஒரே தவறுக்காக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்து, அவர்கள் இடத்தில் வந்து உட்காருகிறவர்களும் அதையே செய்கிறார்கள் என்றால், கூடையைத் தவிர வேறு எதைப் பார்ப்பது? 2013 டிசம்பரிலேயே லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இந்த விற்பனை நெருக்கடியைப் பற்றி விரிவாக எழுதிவிட்டது. அப்படியும் இலக்குகளைக் கைவிட மூன்று வருடம் ஆனது. ஸ்டம்ப் 2016 அக்டோபரில் பதவி விலகினார், 2020-இல் அவருக்கு 17.5 மில்லியன் டாலர் அபராதமும் வங்கித் துறையில் இருக்கத் தடையும் வந்தது. அதே வருடம் வங்கி 3 பில்லியன் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. கிளைகளை நடத்திய பிரிவின் தலைவி, வங்கித் தணிக்கையைத் தடுத்ததாக 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

எனக்கு இதில் எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பட்டது வேறொன்று. அந்த வங்கியில் புகார் சொல்ல ஒரு ஹாட்லைன் இருந்தது. அதில் புகார் சொன்ன பிறகு தங்களை நீக்கிவிட்டார்கள் என்று ஊழியர்கள் சொன்னார்கள். தவறுகளைப் பற்றி மேலதிகாரிகளிடமும் அந்த ஹாட்லைனிலும் சொல்லி 2010-இல் வேலை இழந்த ஒரு மேனேஜரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு சுமார் 5.4 மில்லியன் டாலர் கொடுக்கச் சொல்லி அமெரிக்கத் தொழிலாளர் துறை 2017-இல் உத்தரவு போட்டது. வங்கி அதை எதிர்த்தது. ஏழு வருடம்! அந்த ஏழு வருடமும் அவருடன் வேலை பார்த்தவர்கள் என்ன பாடம் படித்திருப்பார்கள்?

என் கதைக்கு வருகிறேன். 2013 மார்ச்சில் ஓட்டுநர் ஐயா மறுபடி வந்தார், கையில் பிரீமியம் நோட்டீஸ். கோபம் எதுவும் இல்லை. ஏதோ தபால் தவறி வந்துவிட்டது என்று நினைத்துதான் வந்திருந்தார். "நான்தான் போன வருஷமே கட்டிட்டேனே பாப்பா?" என்றார். நான் விளக்கினேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொல்லச் சொல்ல அந்தக் காகிதத்தை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தார். மூன்று வருடம் கட்டாவிட்டால் அந்த வகைப் பாலிசியில் அன்று ஒரு பைசா திரும்பக் கிடைக்காது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் 15 நாள் அவகாசம் (ஃப்ரீ லுக் என்போம்) போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

மேனேஜரிடம் போனேன். "எப்படியாவது ரினியூவலை வாங்கிடு, பெர்சிஸ்டென்சி விழுந்தா கிளை பேர் கெடும்" என்றார். எத்தனை பேர் பாலிசியை விடாமல் கட்டுகிறார்கள் என்ற கணக்குதான் பெர்சிஸ்டென்சி. அவரும் அரக்கன் இல்லை. அவருக்கு மேலே ஒரு பலகை இருந்தது, அதில் அவர் பெயர் இருந்தது. அன்று ராத்திரி எங்கள் வங்கியில் நெறிமுறைப் புகார்களுக்கென்று இருந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நான் செய்ததையும் சேர்த்தே எழுதினேன். உங்கள் பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்று அந்தப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூன்றாம் நாள் மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, என் மின்னஞ்சலின் பிரிண்ட் அவுட்டை மேஜைமேல் வைத்து, "என்கிட்டயே பேசியிருக்கலாமேம்மா" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அடுத்த மாதம் எனக்கு டிரான்ஸ்ஃபர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டிய ஒரு சின்ன ஊர்க் கிளைக்கு. அந்த வருட ரேட்டிங் கடைசிக்கு முந்தியது. என்னைத் திட்டவில்லை, மிரட்டவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மதுரைக் கிளையில் மீதி இருந்த நாலு பேரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகவரிக்கு அதற்கப்புறம் அந்தக் கிளையிலிருந்து ஒரு கடிதம் போயிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் இப்படி ஒரு புகார் வழி இருக்க வேண்டும், புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று 2013 கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம், இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் வாய் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நேரத்தில் சட்டப் பிரிவு ஞாபகத்துக்கு வராது. போன தடவை வாய் திறந்தவரின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஹைதராபாத் மென்பொருள் நிறுவனம் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், நீட்டவில்லை. 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம் 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். உண்மை லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் முதலில் சின்ன இடைவெளிதான் இருந்தது, வருடா வருடம் வளர்ந்துவிட்டது, சாப்பிடப்படாமல் இறங்குவது எப்படி என்று தெரியாமல் புலிமேல் சவாரி செய்த மாதிரி ஆகிவிட்டது என்பது அந்தக் கடிதத்தின் சாரம். நம் ஊரில் புலி வாலைப் பிடித்த கதை என்போமே, அதேதான். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான், 2008-இல், நிறுவன நிர்வாகச் சிறப்புக்காக அவர்களுக்கு ஒரு சர்வதேச விருது கொடுத்திருந்தார்கள், பிறகு அது பறிக்கப்பட்டது. 2015-இல் விசாரணை நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை விதித்தது. அந்தப் பத்துப் பேரில் நிறுவனத்தின் உள் தணிக்கையாளரும் இருந்தார் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். கெட்ட செய்தியைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் நாற்காலி அது.

நல்ல உதாரணமே இல்லையா என்றால் இருக்கிறது, ஆனால் அதுவும் நேர்க்கோடாக இல்லை. 1982-இல் சிகாகோ பக்கம் யாரோ டைலினால் என்ற வலி மாத்திரைக் குப்பிகளில் சயனைடு கலந்து ஏழு பேர் செத்துப்போனார்கள். தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுக்க இருந்த சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. 10 கோடி டாலருக்கு மேல் செலவு, விஷம் கலந்ததில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை என்றபோதும். 1943-இல் எழுதி வைத்த அவர்களுடைய கொள்கை அறிக்கைதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், மருத்துவர், நோயாளி, தாய்மார் முதலில், பங்குதாரர் கடைசியில் என்று அதில் இருக்கிறது. எனக்கு அதைவிட அந்த விபரீதத்துக்குச் சில வருடங்களுக்கு முன்னால் தலைவர் ஜேம்ஸ் பர்க் செய்ததுதான் காரணமாகத் தெரிகிறது. மேலாளர்களைக் கூட்டி வைத்து, இந்த அறிக்கையை நாம் உண்மையில் நம்புகிறோமா, இல்லையென்றால் சுவரிலிருந்து கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்லி வாக்குவாதம் பண்ண விட்டார். கழற்றலாம் என்று சொல்லும் உரிமை கொடுத்ததால்தான் அது அவர்களுடையதாக ஆனது. ஆனால் அதே அறிக்கை அதே நிறுவனத்தில் இருக்கும்போதுதான், அவர்களுடைய பேபி பவுடரில் சில சமயம் புற்றுநோய் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸ் துகள்கள் இருந்தது பல பத்தாண்டுகளாக உள்ளே தெரிந்திருந்தது என்று 2018-இல் ராய்ட்டர்ஸ் எழுதியது, ஆயிரக்கணக்கில் வழக்குகள் வந்தன. நிறுவனம் மறுத்தது, மறுக்கிறது, ஆனால் டால்க் பவுடர் விற்பனையை அமெரிக்காவிலும் கனடாவிலும் 2020-இலும், உலகம் முழுவதும் 2023-இலும் நிறுத்திவிட்டது. ஒரு தடவை நல்லபடி நடந்துகொண்டது அடுத்த தடவைக்கு முன்பணமாக வரவு வைக்கப்படுவதில்லை போலிருக்கிறது.

என்னைத் தண்டனையாக அனுப்பிய அந்தச் சின்ன ஊர்க் கிளையில்தான் நான் வேறொன்றைப் பார்த்தேன். அங்கே இருந்த மேனேஜருக்கும் அதே டார்கெட், அதே கான்-கால், அதே கிளஸ்டர் ஹெட். நான் சேர்ந்து பத்து நாளில், அங்கே வேலை பார்த்த ஒரு பையன் ஹடிலில் எழுந்து, "சார், நேத்து ஒரு அம்மாவுக்குப் பாலிசி போட்டேன், யோசிச்சுப் பாத்தா அவங்களுக்குக் கட்ட முடியாது சார்" என்றான். எனக்குப் பக்கென்றது, அவன் தொலைந்தான் என்று நினைத்தேன். மேனேஜர் சார் ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. முகம் சுருங்கியது, வலித்தது என்று தெரிந்தது, மாதக் கடைசி. அப்புறம், "15 நாளுக்குள்ளதான இருக்கு, இன்னைக்கே ஃப்ரீ லுக்ல கேன்சல் பண்ணிடு. கான்-கால்ல நான் பேசிக்கிறேன்" என்றார். மத்தியானம் ஸ்பீக்கரில் அவர் திட்டு வாங்கியதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். திட்டு முடிந்ததும் எழுந்து வந்து அந்தப் பையனிடம், "நல்ல வேளை சொன்ன" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ சொல்லச் சொன்னார்.

அவ்வளவுதான். அவர் நேர்மையைப் பற்றி ஒரு பிரசங்கமும் பண்ணியதில்லை. ஆனால் மூன்று மாதத்தில் அந்தக் கிளையில் நாங்கள் ஆறு பேரும் வேறு மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டோம். நானே ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடம், "இது உங்களுக்கு வேண்டாம் சார், டெபாசிட்லயே போடுங்க" என்று சொன்னேன், சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், யாரும் என்னை முறைக்கவில்லை. இன்சூரன்ஸ் எண்ணிக்கை குறைந்தது உண்மை. டெபாசிட் கூடியது, ஏனென்றால் சின்ன ஊரில் பேச்சு பரவும். அதே நான், அதே சம்பளம், அதே இன்சென்டிவ் பட்டியல். இதை அனுபவித்திருக்காவிட்டால் இவ்வளவு சீக்கிரம் ஆட்கள் மாறுவார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

2014 கடைசியில் அவரை மாற்றினார்கள். புதிதாக வந்தவர் முதல் நாளே வெள்ளைப் பலகை வாங்கி மாட்டினார். இரண்டே மாதம். அந்தப் பையன், ஹடிலில் எழுந்து நின்றானே அவனே, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் வெரிஃபிகேஷன் காலுக்கு என்ன சொல்லி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பதை என் காதால் கேட்டேன். அவனை நான் குறை சொல்லவில்லை. ஒரு நல்ல மேனேஜர் இரண்டு வருடம் கட்டியது இரண்டு மாதத்தில் கரைகிறது என்றால் அது அவர் தோளில் மட்டுமே நின்றிருக்கிறது, மேலே இருந்த எதுவும் அதைத் தாங்கவில்லை. நான் 2015-இல் விலகினேன்.

ஓட்டுநர் ஐயாவுக்கு என்ன ஆனது என்று சொல்லாமல் முடிக்க முடியாது. அவருக்காகக் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு நானே உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. வாடிக்கையாளருக்கு எல்லா நிபந்தனைகளும் தொலைபேசியில் விளக்கப்பட்டன, அவர் ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் தெரிவித்துள்ளார், குரல் பதிவு எங்களிடம் உள்ளது என்று. அவர் குரல்தான். பத்து வருடம் கட்ட வேண்டும் என்பது தெரியுமா, ஆமா. இது வைப்பு நிதி அல்ல என்பது தெரியுமா, ஆமா. ஒரு லட்சமும் போனது. பணத்தை நான் தருகிறேன் என்று அவர் வீட்டுக்குப் போனேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "நீ என்ன பண்ணுவ பாப்பா, உன்னைச் சொல்லச் சொன்னாங்க, நீ சொன்ன" என்றார். அந்த வார்த்தையால் என் பாரம் குறையவில்லை.

மறுநாள் தம்பிக்கு போன் பண்ணினேன். இதையெல்லாம் சொல்லவில்லை, இவ்வளவும் அவனுக்கு இப்போது வேண்டாம். லோனுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்று பொய் சொல்லாதே, அது மட்டும் வேண்டாம் என்றேன். அவன், "சொல்லாட்டி என்ன ஆகும்க்கா?" என்றான். நியாயமான கேள்வி. "அது எனக்குத் தெரியாதுடா. உங்க கிளையில இதுக்கு முன்னாடி முடியாதுன்னு சொன்னவங்க யாராவது இருக்காங்களான்னு விசாரி. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேளு. அது தெரிஞ்சாத்தான் நீ எந்த மாதிரி இடத்துல இருக்கேன்னு உனக்குத் தெரியும்" என்றேன்.

சனிக்கிழமை கூப்பிட்டான். விசாரித்திருக்கிறான். ஒரு பெண் இருந்தாளாம், அவனுக்கு முன்னால் அதே சீட்டில். மேனேஜரிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறாள்.

"இப்ப எங்க இருக்கா?" என்றேன்.

"யாருக்கும் தெரியலக்கா. பேரச் சொன்னாலே பேச்சை மாத்துறாங்க" என்றான்.